பதினொன்றில் எதை விடுவது? பிறை மாணவி ஒருத்தியின் எஸ்.பி.எம். பாடத் தேர்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

2024-ஆம் ஆண்டு எஸ்.பி.எம். (மலேசியாவில் இடைநிலைப்பள்ளியின் இறுதியாண்டான படிவம் 5-இல் எழுதும் அரசுத் தேர்வு) எழுதவிருந்த மாணவி. பினாங்குப் பெருநிலத்தில், பிறை வட்டாரத்துத் தேசிய இடைநிலைப்பள்ளி ஒன்றில் படித்தவள். படிவம் 4 இறுதித் தேர்வில் பதினொரு பாடங்களில் மூன்றில் தேறவில்லை. அந்த மூன்றில் ஒன்று வரலாறு. வீட்டில் எல்லாரும் கவலைப்பட்டது மற்ற இரண்டைப் பற்றி: எட் மேத்ஸ் எனப்படும் கூடுதல் கணிதம், இயற்பியல். அவற்றுக்கு நேரம் ஒதுக்கத் தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் நிறுத்திவிடலாம் என்று ஏறக்குறைய முடிவெடுத்த நிலையில்தான் அவள் அப்பா என்னிடம் வந்தார்.

நான் வேறொரு பள்ளியில் ஆசிரியர். வார இறுதிகளில் பெற்றோருக்குப் பாடத் தேர்வு பற்றி ஆலோசனை சொல்வது வழக்கம். இந்தக் குடும்பத்தின் அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் லைன் ஆப்பரேட்டர். விடியும் முன்பே தொழிற்சாலை பஸ் ஏறிப் பாலம் கடந்து போகிறவர். அண்ணன் அதே பகுதியில் டெக்னீஷியன். தம்பி ஒருவன் உண்டு, அவனைப் பற்றிப் பிறகு.

மாணவி தமிழ்ப்பள்ளியில் படித்து 2018-இல், தொடக்கப்பள்ளி முடிவில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதியவள். மலாய்மொழி போதாமல் 2019-இல் புகுமுக வகுப்பில் ஓராண்டு. 2020-இல் படிவம் 1-க்குப் போனாள். மார்ச் 18-இல் நாடே அடைபட்டது. படிவம் 1, படிவம் 2 இரண்டிலும் பாதிக்கு மேல் அவள் படித்தது கைப்பேசியில், அதுவும் அண்ணன் வேலை முடிந்து வந்த பிறகு அவனுடைய கைப்பேசியில். இயற்கணிதம் அடித்தளம் போடும் இரண்டு ஆண்டுகள் இவைதான். எட் மேத்ஸ் பின்னால் அவளுக்கு ஏன் அப்படிக் கசந்தது என்பதற்கு நான் வேறு காரணம் தேடவில்லை.

அவள் படிவம் 3-இல் இருந்தபோது, 2022-இல், பி.டி.3 தேர்வு ரத்தானது. முன்பென்றால் படிவம் 3 முடிவில் நாடு முழுக்க ஒரே அளவுகோலில் ஒரு தாள் கையில் கிடைக்கும். 'இவளுக்குக் கணிதம் வருமா வராதா' என்று அதை வைத்துப் பேசலாம். இவர்களுக்குப் பள்ளித் தேர்வு மதிப்பெண் மட்டும். தேர்வு ரத்தானதை நான் குறை சொல்லவில்லை, பிள்ளைகள் மூச்சு விட்டார்கள். ஆனால் படிவம் 4-க்குப் பாடத் தொகுப்பு எடுக்கும் நேரத்தில் பெற்றோர் கையில் இருந்த ஒரே திசைகாட்டியும் அதோடு போனது.

2020-இலிருந்து படிவம் 4-இல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிவினை இல்லை. பாடத் தொகுப்புகள்தான். வீட்டில் இன்னும் 'சைன்ஸ் ஸ்ட்ரீம்' என்றுதான் சொல்கிறோம். அறிவியலில் 60 விழுக்காடு, கலையில் 40 விழுக்காடு என்பது அரசின் நெடுநாளைய இலக்கு. பள்ளிகளும் கொஞ்சம் தேறும் பிள்ளைகளை அந்தப் பக்கமே தள்ளும். உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய இவளும் அப்படித்தான் முழு அறிவியல் தொகுப்புக்குள் வந்தாள்.

கணக்கு இப்படி வருகிறது. மலாய், ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறி ஐந்தும் கட்டாயம். முழு அறிவியல் எடுப்பவர்களுக்குப் பொது அறிவியல் கிடையாது. அதற்குப் பதில் இயற்பியல், வேதியியல், உயிரியல். கூட எட் மேத்ஸ். ஆக ஒன்பது. தமிழ்மொழி சேர்த்தால் பத்து. தமிழ் இலக்கியமும் சேர்த்தால் பதினொன்று. நம் பிள்ளைகள் எழுதும் 'பத்து', 'பதினொன்று' பெரும்பாலும் இந்த வழியில்தான் பிறக்கிறது. ஒன்பதுக்கு மேல் ஏறுவது தமிழால் என்பதாலேயே, பாரம் என்று யாராவது சொன்னால் முதலில் இறக்கி வைக்கப்படுவதும் தமிழாகிறது.

இந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. பாட எண்ணிக்கையில் போட்டி போட்ட காலம் ஒன்று இருந்தது. 2004 எஸ்.பி.எம்.மில் ஜோகூர் உலு திராம் மாணவி நூர் அமலினா 17 பாடங்களில் அப்போதைய உச்சத் தரமான 1ஏ வாங்கியது நாடறிந்த செய்தி. 2009-இல் அரசு, அடுத்த ஆண்டு முதல் பத்துப் பாடங்களுக்கு மேல் எழுதக் கூடாது என்றது. தமிழும் தமிழ் இலக்கியமும் வெளியே தள்ளப்படும் என்று நம்மவர்கள் கொதித்தெழுந்த பிறகு, பத்தோடு இன்னும் இரண்டு எழுதலாம் என்று வரம்பு தளர்ந்தது. அந்த இரண்டுக்காகக் கூட்டம் போட்டவர்கள், மனு எழுதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு மாணவி இலக்கியத்தை விடலாமா என்று பேசினால் அவர்களுக்கு வலிக்கும். அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் வாரத்தில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

ஒரு வாரக் கணக்கு

குடும்பம் முழுவதும் ஒன்றாக உட்காரக் கிடைத்தது சீனப் புத்தாண்டு விடுமுறையில்தான். தொழிற்சாலைக்கும் விடுமுறை, அப்பாவுக்கும் லாரி இல்லை. அதற்கு முன்பே மாணவியிடம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். ஒரு சாதாரணப் பள்ளி வாரத்தில், பள்ளி நேரம் போக, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் போனது என்று எழுதி வரச் சொன்னேன். பொய் எழுதாதே, 'படித்தேன்' என்று எழுதாதே, எந்த நோட்டைத் திறந்தாய் என்று எழுது என்றேன். கட்டம் போட்ட பழைய கணித நோட்டில் எழுதி வந்தாள்.

எட் மேத்ஸ்: செவ்வாய், வியாழன் இரவு 8 முதல் 10 வரை டியூஷன். அதற்கான பயிற்சிகள் மூன்றரை மணி நேரம். மொத்தம் ஏழரை. இயற்பியல்: டியூஷனோடு மூன்று. வேதியியல்: நான்கு. உயிரியல்: டியூஷன் இல்லாமல் இரண்டரை. கணிதம் இரண்டு, ஆங்கிலம் ஒன்று, தமிழ் ஒன்று. தமிழ் இலக்கியம்: சனிக்கிழமை காலை தமிழ்ப்பள்ளி வகுப்பறை ஒன்றில் தொண்டூழிய ஆசிரியர் ஒருவர் நடத்தும் இரண்டு மணி நேர வகுப்பு, போக வர ஒரு மணி நேரம். மலாய்மொழி அரை மணி. வரலாறு என்று எழுதி எதிரே ஒரு கோடு.

பக்கத்திலேயே இறுதித் தேர்வு மதிப்பெண்களையும் எழுதச் சொன்னேன். எட் மேத்ஸ் 11. இயற்பியல் 29. வரலாறு 33. மலாய்மொழி 44. வேதியியல் 46. ஆங்கிலம் 49. நன்னெறி 55. கணிதம் 58. உயிரியல் 61. இலக்கியம் 72. தமிழ் 78.

இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அம்மாதான் முதலில் பேசினார். "இவ்ளோ நேரம் உக்காந்து பதினொன்னுதானா?" அதில் கோபம் இல்லை. மகள் படிக்காமல் இருக்கிறாள் என்று அதுவரை அவர் நினைத்திருந்தார். இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு உறுத்தியது அந்தக் கோடு. எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய்மொழியில் தேற வேண்டும், 2013 முதல் வரலாற்றிலும் தேற வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் மற்றப் பாடங்களில் எத்தனை ஏ வாங்கியிருந்தாலும் சான்றிதழ் இல்லை. மறுதேர்வு எழுதலாம்தான், ஆனால் அதற்குள் அந்த ஆண்டுச் சேர்க்கை எல்லாம் முடிந்திருக்கும். புகுமுக வகுப்பில் ஏற்கெனவே ஓராண்டு கொடுத்த பிள்ளை இவள். இன்னோர் ஆண்டு என்றாலே முகம் சுருங்கும். எட் மேத்ஸில் கோட்டை விட்டால் ஒரு பாடம் போகும். வரலாற்றில் விட்டால் எல்லாம் போகும். வீட்டில் டியூஷன் பணம் மூன்று பாடங்களுக்குப் போகிறது, இதற்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

வரலாற்றை ஏன் தொடவில்லை என்று கேட்டேன். "புரியல சார். ஒரு பக்கம் வாசிக்கறதுக்குள்ள பத்து சொல்லு தெரியாது. அப்புறம் தூக்கம் வந்துரும்." அதாவது அவளுடைய வரலாற்றுப் பிரச்சினையும் மலாய்மொழிப் பிரச்சினையும் ஒன்றே. முதல் தாள் நாற்பது கொள்குறிக் கேள்விகள், எப்படியோ சமாளிப்பாள். இரண்டாம் தாளில் மலாயில் கட்டுரை எழுத வேண்டும். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் வினாத்தாள் இருமொழியில் வரும், ஆங்கிலத்திலும் விடை எழுதலாம். வரலாற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அடுத்துக் கேட்டது, எஸ்.பி.எம். முடித்து எங்கே போக ஆசை என்று. அண்ணன் குறுக்கே வந்து, "எஞ்ஜினியரிங் தான் சார். பாயான் லெப்பாஸ்ல எஞ்ஜினியருக்கும் டெக்னீஷியனுக்கும் சம்பளம் எவ்ளோ வித்தியாசம் தெரியுமா?" என்றான். தெரியும். அவன் தினமும் பார்க்கிற வித்தியாசம் அது. தன்னால் ஏற முடியாத படியில் தங்கையாவது ஏறட்டும் என்று நினைக்கிறான். அவளோ கட்ட நோட்டைப் பார்த்துக்கொண்டே, "நர்ஸிங்," என்றாள். அத்தை ஒருவர் அரசாங்க மருத்துவமனையில் தாதி. இவள் பள்ளியில் செம்பிறைச் சங்கத்தில் இருக்கிறாள். திடீரென்று சொன்னதாகத் தெரியவில்லை.

மூன்று வழிகள்

முதல் வழி, பதினொன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு இன்னும் கடினமாகப் படிப்பது. இதை யாரும் கடைசிவரை ஆதரிக்கவில்லை. பள்ளிக்கு வெளியே ஏற்கெனவே வாரம் 24 மணி நேரத்துக்கு மேல் போகிறது. தாள்களின் எண்ணிக்கையையும் பாருங்கள்: மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் வாசிப்பு, எழுத்தோடு பேச்சு, கேட்டல் வேறு, மூன்று அறிவியல் பாடங்களுக்கும் செய்முறை வேறு. பதினொரு பாடம் என்றால் இருபதுக்கு மேற்பட்ட தாள்கள். பெற்றோர் பாடத்தை எண்ணுகிறார்கள். பிள்ளை உட்கார்ந்து எழுதுவது தாளை.

இரண்டாவது, குடும்பம் யோசித்து வைத்திருந்தது: தமிழ், இலக்கியம் இரண்டையும் விட்டு ஒன்பதாக்குவது. வாரத்துக்கு நான்கு மணி நேரம் மிச்சமாகும். அந்த நேரம் எட் மேத்ஸுக்கும் இயற்பியலுக்கும் போகும் என்பதுதான் திட்டம். இதில் கைவிடப்படுவது கிட்டத்தட்ட உறுதியான இரண்டு நல்ல மதிப்பெண்கள். சி-யும் அதற்கு மேலும் கிரெடிட். டி, இ வெறும் தேர்ச்சி. டிப்ளோமாக்களுக்கும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிவம் 6-க்கும் கேட்கப்படுவது கிரெடிட். அவளுடைய மதிப்பெண்களில் சந்தேகமில்லாத கிரெடிட் என்று நான் விரல் வைக்கக்கூடியவை தமிழ், இலக்கியம், உயிரியல், கணிதம். நான்கில் இரண்டை வெட்டி, 11 மதிப்பெண் இருக்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதா?

அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நீங்க தமிழ் வாத்தியாரா இருக்கறதால சொல்றீங்களோன்னு நெனச்சேன்," என்றார் வெளிப்படையாக. நான் தமிழாசிரியர் இல்லை. வேறு சில பிள்ளைகளிடம் இலக்கியத்தை விடச் சொல்லியிருக்கிறேன். தமிழ் வாசிக்கவே திணறுகிற பிள்ளையை, 'இனத்துக்காக' என்று சொல்லிச் சனிக்கிழமை வகுப்பில் உட்கார வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கவிதை, நாவல், நாடகம் என்று மூன்றையும் படித்து விளக்கி எழுத வேண்டிய பாடம் அது. வெறும் எண்ணிக்கைக்காக எடுப்பவர்களைக் கீழே இழுத்துவிடும். ஆனால் இந்தப் பெண் சொல்லாமலே வாசிக்கிறவள். அந்த வகுப்பு அவளுக்கு ஓய்வு மாதிரி. வாரம் முழுக்கத் தோற்றுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு, தனக்குத் தெரியும் என்று கை தூக்க ஓர் இடமாவது வேண்டும். இது மதிப்பெண் பட்டியலில் வராது என்றாலும் நான் அதைக் கணக்கில் சேர்த்தேன்.

மூன்றாவது வழி, எட் மேத்ஸை மட்டும் விடுவது. பத்தாகும். வாரத்துக்கு ஏழரை மணி நேரம் கைக்கு வரும், டியூஷன் பணமும் மிச்சம்.

அதன் விலையைக் குடும்பத்துக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருந்தது. எட் மேத்ஸ் இல்லாமல் மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பு) அறிவியல் பிரிவு கிடையாது. கெப்பாளா பத்தாஸ் மெட்ரிகுலேஷன் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, அண்ணனின் கனவும் அந்த வழியாகத்தான் போகிறது. அந்தக் கதவு மூடும். பொறியியல் பட்டப்படிப்பும் ஏறக்குறைய மூடும். திறந்திருப்பவை: தாதிமை டிப்ளோமா, வேறு சில சுகாதாரத் துறை டிப்ளோமாக்கள், பாலிடெக்னிக்கில் சில படிப்புகள், படிவம் 6. தாதிமைக்குப் பார்ப்பது ஐந்து கிரெடிட். அவற்றில் மலாய்மொழி, கணிதம், ஓர் அறிவியல் பாடம் இருக்க வேண்டும். எட் மேத்ஸை யாரும் கேட்பதில்லை.

அண்ணன் விடவில்லை. "இன்னும் ஒரு வருஷம் இருக்கே சார். புடிச்சு படிச்சா 40 வாங்க மாட்டாளா?" நியாயமான கேள்வி. எஸ்.பி.எம். தர எல்லைகளைத் தேர்வு வாரியம் ஒவ்வோர் ஆண்டும் தாளின் கடினத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. பள்ளித் தேர்வில் 11 என்றால் அங்கும் தோல்விதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே அவளையே சோதித்தேன். படிவம் 4 எட் மேத்ஸிலிருந்து இருபடிச் சமன்பாட்டுக் கணக்கு ஒன்று கொடுத்தேன். முதல் இரண்டு வரி டியூஷனில் சொல்லிக்கொடுத்தபடி சரியாக வந்தது. மூன்றாம் வரியில் அடைப்புக்குறியை விரிக்கும்போது குறி மாறியது. அதே தவற்றை வைத்துப் படிவம் 2 கணக்கு ஒன்று கொடுத்தேன். அங்கும் குறி மாறியது. ஆக டியூஷனில் நடக்கும் படிவம் 4 பாடத்தால் இது தீராது, கைப்பேசியில் போன அந்த இரண்டு ஆண்டுகளைத் திரும்பப் போட வேண்டும். போடலாம். ஆனால் மலாயும் வரலாறும் தொங்கிக்கொண்டிருக்கும்போது அதற்கு நேரம் எங்கே?

இயற்பியலைப் பற்றியும் பேச்சு வந்தது. அதையும் விட்டால் என்ன என்று அம்மா கேட்டார். தொகுப்பு முழுவதையும் மாற்றினால்தான் அது முடியும், படிவம் 5 தொடங்கும் நேரத்தில் புதிதாக ஒரு பாடத்தை எடுத்து ஈராண்டுப் பாடத்தை ஓராண்டில் முடிக்க வேண்டி வரும். அதனால் இயற்பியல் இருக்கட்டும், டியூஷன் மட்டும் வேண்டாம், வகுப்பில் கவனித்து இ வாங்கினால் போதும் என்று முடிவானது. 'இ வாங்கினால் போதும்' என்று ஆசிரியர் ஒருவர் சொல்வதைக் கேட்டு அவள் கொஞ்சம் சிரித்தாள்.

பள்ளியில்

பள்ளி முதலில் மறுத்தது. அவர்கள் சொன்ன காரணங்களும் வெற்றுக் காரணங்கள் அல்ல. ஒருவருக்கு அனுமதித்தால் வகுப்பில் பாதிப்பேர் வந்து நிற்பார்கள். எட் மேத்ஸ் நடக்கும்போது இவளை எங்கே உட்கார வைப்பது, யார் பார்த்துக்கொள்வது? அப்பா கடிதம் எழுதினார். நான் சொன்ன ஒரே யோசனை, 'கஷ்டமாக இருக்கிறது' என்று எழுத வேண்டாம், அந்த நேரத்தில் என்ன செய்யப் போகிறாள் என்று எழுதுங்கள் என்பதுதான். எட் மேத்ஸ் பாடவேளைகளில் வளமையத்தில் (பள்ளி நூலகத்தில்) உட்கார்ந்து வரலாறு படிப்பாள், வாரம் ஒரு கட்டுரை எழுதி வரலாற்று ஆசிரியையிடம் கொடுப்பாள் என்று எழுதினார். ஆசிரியையிடம் முன்கூட்டியே கேட்டு அவர் சரி என்ற பிறகுதான் அந்த வரி கடிதத்தில் ஏறியது. எஸ்.பி.எம். பாடப் பதிவு படிவம் 5 தொடக்கத்திலேயே நடக்கும், அதற்கு முன் முடிவு வேண்டும் என்பதால் அப்பா ஒரு நாள் லாரிக்கு விடுப்புப் போட்டுப் பள்ளிக்கு நேரில் போனார். முதல்வர் ஒப்புக்கொண்டார்.

வரலாற்று ஆசிரியை, மலாய்க்காரர், பெரிய உதவி செய்தார். புத்தகத்தை வாசிக்கச் சொல்லாமல், ஒவ்வொரு பாடத்துக்கும் அவளே தமிழில் நான்கு வரியில் கதை எழுதிக்கொள்ளட்டும், பிறகு அதை மலாயில் சொல்லட்டும் என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. பிள்ளைக்கு எந்த மொழியில் புரிகிறதோ அந்த மொழியில் புரியட்டும், தாளில் மலாயில் வந்தால் சரி என்பது அவர் எண்ணம். முதல் கட்டுரைகள் அரைப் பக்கம் தாண்டவில்லை. சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். திருத்தியதை மறுபடி எழுதி வரச் சொன்னார். அந்தத் திருத்தமே அவளுக்கு மலாய்மொழி டியூஷனாகவும் ஆனது.

விடுவிக்கப்பட்ட ஏழரை மணி நேரமும் அப்படியே படிப்புக்குப் போய்விட்டது என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம். பாதி தூக்கத்துக்குப் போனது. இரவு பத்துக்கு டியூஷன் முடிந்து அப்பா மோட்டாரில் ஏற்றி வந்து, பதினொன்றரைக்குப் படுத்து, விடியற்காலை எழுந்த பிள்ளை அவள். செவ்வாய், வியாழன் இரவுகளில் தூங்கினாள். அதுவும் கணக்கில் வரவுதான்.

நடுவில் ஒரு சலசலப்பு. 2024 ஜூன் இறுதியில், எஸ்.பி.எம்.மில் 10 ஏ-யும் அதற்கு மேலும் எடுக்கும் எல்லா மாணவர்களுக்கும் இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று பிரதமர் அறிவித்தார். வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் இதே பேச்சு. அண்ணன் இரவோடு இரவாக எனக்கு அனுப்பினான்: "சார், அவசரப்பட்டு எடுத்துட்டோமா?" பத்து ஏ வாங்கக்கூடிய பிள்ளைக்கு அது பெரிய செய்தி. இவளுக்கு வரலாற்றில் டி வருமா என்பதே அப்போதைய கேள்வி. ஆனால் அந்த அறிவிப்பு வேறு சில வீடுகளில் கணக்கைத் தலைகீழாக்கியது. முழு அறிவியல் தொகுப்பு தமிழ் இல்லாமல் ஒன்பதுதான். ஒன்பதிலும் ஏ வாங்கினாலும் பத்து வராது. 'கவனம் சிதறும்' என்று தமிழை விட்ட கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அந்தப் பத்தாவது இல்லை.

முடிவும் பிறகும்

எழுத்துத் தாள்கள் 2025 தொடக்கத்தில் நடந்தன, முடிவு ஏப்ரலில் வந்தது. தமிழ் ஏ, இலக்கியம் ஏ மைனஸ், உயிரியல் பி பிளஸ், நன்னெறி பி, மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம் மூன்றும் சி பிளஸ், வேதியியல் சி, வரலாறு டி, இயற்பியல் இ. பத்துப் பாடங்கள், எட்டுக் கிரெடிட், சான்றிதழ் கையில்.

வரலாறு கிரெடிட்டைத் தொடவில்லை. அதற்கு ஓராண்டு உழைத்திருக்கிறாள்; டி வாங்கியதைப் பார்த்து அழுதாள் என்று அம்மா சொன்னார். இயற்பியல் எதிர்பார்த்த இடத்திலேயே நின்றது. மலாய்மொழி 44-லிருந்து சி பிளஸுக்கு வந்ததுதான் என் கணக்கில் பெரிய லாபம். அது சி-க்குக் கீழே போயிருந்தால் மற்றக் கிரெடிட்டுகளை வைத்துக்கொண்டு போக இடம் அதிகம் இல்லை.

தாதிமைக்கு விண்ணப்பித்துவிட்டு, அழைப்பு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று படிவம் 6-இல் சேர்ந்தாள். அங்கே தமிழும் ஒரு பாடம். சில மாதம் கழித்து நேர்முகத் தேர்வு வந்தது, இடமும் கிடைத்தது. படிவம் 6-ஐப் பாதியில் விட்டுப் போனாள். அண்ணனுக்கு இன்னும் முழு சமாதானம் இல்லை. "எட் மேத்ஸ் இருந்திருந்தா டிகிரியே போயிருக்கலாம்," என்பான். அவன் சொல்வதை நான் முற்றாகத் தள்ளிவிடவும் மாட்டேன். 11-க்குப் பதில் 35 வாங்கியிருந்து, குறி தவறும் இடம் ஒன்றிரண்டாக மட்டும் இருந்திருந்தால் நானே அதை வைத்துக்கொள்ளச் சொல்லி, இயற்பியல் டியூஷனை நிறுத்தி, இலக்கியத்தைப் பற்றி இன்னொரு முறை பேசியிருப்பேன். அவள் நர்ஸிங் என்று சொல்லாமல் மருந்தாளர் என்று சொல்லியிருந்தாலும் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். இதைப் படித்துவிட்டு 'எட் மேத்ஸை விடச் சொன்னார்கள்' என்று யாராவது பள்ளிக்குப் போய் நின்றால் நான் பொறுப்பில்லை.

இப்போது தம்பியின் முறை. படிவம் 3, அடுத்து பாடத் தொகுப்பு எடுக்க வேண்டும். அப்பா இந்த முறை தானாகவே அவனிடம் ஒரு வார நேரத்தை எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். அக்காவுக்கு நேர் எதிர்: கணிதத்தில் 80-க்கு மேல், மலாயிலும் குறையில்லை, தமிழில் 41.

"அப்ப இவனுக்குத் தமிழ விட்டுடலாம்ல சார்?"

"முழு அறிவியல் எடுத்து, பத்து ஏ-யோட மெட்ரிகுலேஷன்ல உறுதியான இடம் வாங்கற ஆசை இருந்தா அவனுக்குப் பத்து வேணும். தமிழ் இல்லாம ஒன்பதுதான்."

"41 வச்சிக்கிட்டா?"

இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது என்றேன். அவன் பள்ளியில் இப்போது தமிழ் வகுப்பே இல்லை. கேட்கிற பெற்றோர் போதவில்லை என்கிறது பள்ளி. பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என்பது கல்விச் சட்டத்தில் உள்ளது. அப்பா கையில் இப்போது ஒரு பட்டியல் இருக்கிறது. ஒன்பது பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இன்னும் சில வீடுகளுக்குப் போகப் போவதாகச் சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்தார்.